ஆறு காத்த அரசன்: சீதாவாக்கை மாயாதுன்னையும் மரைக்காயர்களின் கடனும்

கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டையைச் சுற்றி இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் நிறைந்திருக்கின்றன. அதனால் ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதியும் தோட்டத்தைத்தான் குறிக்கிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியல்ல. சிங்களத்தில் தொட்ட என்றால் ஆற்றுத்துறை, அதாவது ஆற்றைக் கடக்கும் இடம். அம்பாந்தோட்டையில் இருப்பதும் அதே சொல்தான். தேயிலையும் இறப்பரும் இந்த மலைகளுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இங்கே துறைகள்தான் முக்கியமான இடங்களாக இருந்தன. துறை யார் கையில் இருந்ததோ, நாடு அவர் கையில் இருந்தது.

அந்த உண்மையை நன்கு அறிந்து, களனி கங்கையையும் அதன் கிளையாறுகளையும் தனது அரணாக்கிக்கொண்டு அறுபது ஆண்டுகள் ஆட்சி செய்தவர் சீதாவாக்கை மன்னர் மாயாதுன்னை. இன்றைய சபரகமுவ மாகாணத்தின் பெரும் பகுதி அவருடைய இராச்சியமாக இருந்தது. நம் சமூகத்தின் மேடைப் பேச்சுகளில் அவருடைய பெயர் அடிக்கடி வரும். பரங்கியர் துரத்திய முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தவர் என்றும், கள்ளிக்கோட்டை மரைக்காயர்களோடு தோள் சேர்ந்து போரிட்டவர் என்றும் சொல்வோம். அது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால்தான் அந்த மனிதரையும் அந்தக் காலத்தையும் சரியாக விளங்கிக்கொள்ள முடியும்.

மாயாதுன்னை கோட்டே மன்னர் ஆறாம் விஜயபாகுவின் மூன்று மகன்களில் இளையவர். மூத்தவர் புவனேகபாகு, அடுத்தவர் ரைகம் பண்டார. தங்களை ஒதுக்கிவிட்டு, தன் அரண்மனையில் வளர்ந்த வேறொரு இளவரசனுக்குத் தந்தை முடிசூட்ட நினைக்கிறார் என்று மூன்று சகோதரர்களும் அஞ்சினார்கள். 1521இல் கண்டி அரசரின் உதவியோடு தந்தைக்கு எதிராகக் கிளம்பினார்கள். அரண்மனை சூறையாடப்பட்டது, மன்னர் கொல்லப்பட்டார். வரலாற்றில் விஜயபா கொள்ளை என்று பெயர் பெற்ற நிகழ்வு இது. அதன்பின் கோட்டே இராச்சியம் மூன்றாகப் பிரிந்தது. தலைநகரும் கடற்கரையும் கறுவாத் துறைமுகங்களும் புவனேகபாகுவுக்குப் போயின. ரைகம் பண்டாரவுக்கு ரைகம கிடைத்தது. இளையவருக்குக் கிடைத்தது உள்நாடு: மலையும் காடும் ஆறும்.

பார்ப்பதற்கு அது மிகக் குறைந்த பங்கு. கடல் இல்லை, துறைமுகம் இல்லை. ஆனால் சீதாவாக்கை அமைந்திருந்த இடத்தைப் பாருங்கள். சீதாவாக்கை ஆறு மலைகளிலிருந்து இறங்கி, இன்றைய அவிசாவளைக்கு அருகே களனியோடு சேருகிறது. மேலே கித்துல்கல, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல வழியாகக் களனி வளைந்து வருகிறது. தெற்கே இரத்தினபுரிப் பக்கம் தெனவக்கையின் மாணிக்க நிலம். கொழும்பிலிருந்து மலைக்கு ஏற வேண்டிய எந்தப் படையும் களனியின் கரையைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். எங்கேயாவது ஓரிடத்தில் ஆற்றிலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆற்றில் இறங்கும் படையின் நிலை எப்படியிருக்கும் என்பதை, மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வாழ்ந்த யாரும் ஊகிக்கலாம். இரும்புக் கவசம் அணிந்தவனின் கால் மணலில் புதைகிறது. துப்பாக்கியின் திரி நனைந்தால் அது வெறும் தடி. மருந்துப் பொதியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் நடப்பவனால் வாளை உருவ முடியாது. எதிர்க்கரையில் மரங்களை நட்டுக் கட்டிய அரணுக்குப் பின்னால் வில்லும் ஈட்டியுமாகக் காத்திருப்பவனுக்கு அது போதும். கடலில் பரங்கியரை வெல்ல அன்று இந்தத் தீவில் எவராலும் முடியவில்லை. ஆற்றில் அப்படியல்ல. பீரங்கிக் கப்பல் ஏறி வர முடியாத இடத்தில் இரு தரப்பும் ஏறக்குறையச் சமம். மாயாதுன்னையின் போர் முறை முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நின்றது.

இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கோவாவிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வருவது கடினம். அந்த மாதங்களில் கொழும்பில் இருக்கும் பரங்கியர் கையில் உள்ளதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். மழைதான் சீதாவாக்கையின் நண்பன். ஆறு பெருகும்போது மலைநாடு பூட்டிய வீடாகிவிடும். கடல் மூடும்போது கொழும்பு தனித்துவிடும்.

ஆனாலும் கடல் முழுவதும் எதிரியிடம் இருந்தால், ஆறு மட்டும் எவ்வளவு காலம் காக்கும்? இங்கேதான் நம் முன்னோர் கதைக்குள் வருகிறார்கள்.

போர்த்துக்கேயர் 1505ஐ ஒட்டி இந்தத் தீவுக்கு வந்தபோது, கொழும்பில் வணிகம் முஸ்லிம்கள் கையில் இருந்தது. மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அரிசி கொண்டுவந்து, இங்கிருந்து கறுவாவும் பாக்கும் ஏற்றிச் சென்றார்கள். அவர்களை அகற்றாமல் கறுவாவைத் தனியுரிமையாக்க முடியாது என்பது பரங்கியருக்குத் தெரியும். 1526இல் அவர்களுடைய நெருக்குதலால் கோட்டே மன்னர் முஸ்லிம் வணிகர்களை வெளியேறும்படி கட்டளையிட்டார். கடையையும் கிடங்கையும் விட்டுக் கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் உள்நாட்டுக்குப் போனார்கள். கரையில் மூடிய கதவு சீதாவாக்கையில் திறந்திருந்தது.

மாயாதுன்னை அவர்களை ஏற்றது இரக்கத்தால் மட்டுமல்ல. துறைமுகமில்லாத அரசனுக்குக் கடல் தெரிந்த ஆட்கள் வேண்டும், பாக்கை விற்றுத்தர ஆள் வேண்டும், மருந்தும் துப்பாக்கியும் கொண்டுவர ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கள்ளிக்கோட்டை சாமூதிரியிடம் பேசித் தர ஆள் வேண்டும். சாமூதிரியின் கடற்படையை நடத்தியவர்கள் மரைக்காயர்கள். அவர்களும் முன்பு கொச்சியில் வணிகம் செய்து, பரங்கியரோடு பகை முற்றியபின் கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்தவர்கள்தான். இழந்த கடலை மீட்க வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. கோட்டேயைப் பிடித்து மூன்று துண்டான நாட்டை ஒன்றாக்க வேண்டும் என்பது மாயாதுன்னையின் தேவை. இரு தேவைகளும் ஒரே படகில் ஏறின.

1527ஐ அடுத்த ஆண்டுகளில் மலபார்ப் படகுகள் பலமுறை இலங்கைக்கு வந்தன. மாயாதுன்னை தரைவழியாகக் களனிக் கரையோரம் இறங்கிக் கோட்டேயை வளைப்பார். மரைக்காயர்கள் கடல்வழியாக வருவார்கள். புவனேகபாகு போர்த்துக்கேயருக்கு ஆள் அனுப்புவார். கோவாவிலிருந்தோ கொச்சியிலிருந்தோ கப்பல்கள் வந்ததும் முற்றுகை கலையும். மாயாதுன்னை ஆற்றுக்கு மேலே திரும்பிவிடுவார், அல்லது அண்ணனோடு சமாதானம் பேசுவார். அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருப்பார்.

பெரிய திருப்பம் 1538இல் வந்தது. மாயாதுன்னைக்கு உதவியாக மலபாரிலிருந்து பெரும் படகுத் தொகுதி ஒன்று புறப்பட்டது. அதை நடத்தி வந்தவர்களில் பச்சி மரைக்காயரும் குஞ்ஞாலி மரைக்காயரும் அலி இபுறாஹீம் மரைக்காயரும் இருந்தார்கள். தென்முனையைச் சுற்றி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் அவர்கள் தங்கியிருந்தபோது, மார்ட்டின் அபோன்சோ டி சூசாவின் கப்பற்படை வந்து தாக்கியது. படகுகளும் ஆயுதங்களும் பெருமளவில் பறிபோயின. வேதாளை என்ற சிறிய கடற்கரை ஊர் நம்முடைய வரலாற்றில் எவ்வளவு பெரிய இடம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய ஆழமற்ற கடலும் ஒரு துறைதான். களனியின் துறைகளில் பரங்கியருக்கு நேர்ந்தது, அந்தக் கடல்துறையில் மரைக்காயர்களுக்கு நேர்ந்தது.

அதே காலத்தில் ரைகம் பண்டார இறந்தார். அவருடைய பகுதியை மாயாதுன்னை தன்னோடு சேர்த்துக்கொண்டார். நிலம் பெருகியது, ஆனால் கடலில் தோள் கொடுத்த கை ஒடிந்துவிட்டது. அப்படியும் மரைக்காயர்கள் விடவில்லை. தோல்விக்குப் பிறகும் எஞ்சியதைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்தார்கள். 1539இல் மிகேல் பெரெய்ரா என்ற தளபதியின் தலைமையில் போர்த்துக்கேயப் படை வந்து இறங்கியது. புவனேகபாகுவின் ஆட்களும் அதனோடு சேர்ந்தார்கள். மலபார்ப் படகுகளை இழந்த நிலையில், தன் நகரமே அழியும் ஆபத்து மாயாதுன்னைக்கு முன் நின்றது. அவர் சமாதானம் கேட்டார். பெரெய்ரா கேட்ட விலை மரைக்காயர் தலைவர்கள்.

மாயாதுன்னை அந்த விலையைக் கொடுத்தார். பச்சி மரைக்காயரும் குஞ்ஞாலி மரைக்காயரும் கொல்லப்பட்டு, அவர்களுடைய தலைகள் போர்த்துக்கேயரிடம் ஒப்படைக்கப்பட்டன. மலபாரின் புகழ்பெற்ற நான்கு குஞ்ஞாலிகளில் முதலாமவர் இவரே என்று பலரும் கருதுகிறார்கள். தன் நாட்டைக் காக்க அழைத்த விருந்தினரின் உயிரைக் கொடுத்து மாயாதுன்னை தன் நாட்டைக் காத்துக்கொண்டார். மேடைகளில் நாம் சொல்லாமல் விடும் பாதி இதுதான்.

இதை வைத்து மாயாதுன்னையை வெறும் துரோகி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவருடைய மீதி வாழ்க்கை அவ்வளவு எளிதாக முடிக்க விடாது. அந்த 1539க்குப் பிறகும் அவர் 42 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலம் முழுவதும் போர்த்துக்கேயர் உள்நாட்டுக்குள் வேர் பிடிக்காமல் தடுத்தவர் அவர்தான்.

அண்ணன் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலவை வாரிசாக்க விரும்பினார். அதற்காகப் பேரனின் பொற்சிலையை லிஸ்பனுக்கு அனுப்பி, 1543இல் போர்த்துக்கல் மன்னர் கையால் அந்தச் சிலைக்கு முடிசூட்டவைத்தார். அன்றோடு கோட்டேயின் எதிர்காலம் கடலுக்கு அப்பால் எழுதப்பட்டது. 1551இல் களனியில் போர்த்துக்கேயன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டு பட்டுப் புவனேகபாகு இறந்தார். தவறுதலாகச் சுட்டதா, திட்டமிட்டதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பரங்கியரை நம்பி முப்பது ஆண்டுகள் அரசாண்டவருக்கு வந்த முடிவு அது.

உடனே கோவாவிலிருந்து ஆளுநர் அபோன்சோ டி நொரோஞா தானே படையோடு வந்தார். காக்க வந்தவர் முதலில் கோட்டேயின் கருவூலத்தையே சூறையாடினார். பிறகு களனிப் பள்ளத்தாக்கு வழியாகச் சீதாவாக்கைக்கு ஏறினார். வழியிலுள்ள அரண்களில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் மாயாதுன்னை நகரத்தை விட்டு மலைப்பக்கம் பின்வாங்கினார். பரங்கியர் வந்து அரண்மனையையும் கோயிலையும் கொள்ளையடித்தார்கள். ஆனால் அங்கே தங்க அவர்களால் முடியவில்லை. உணவு வர வேண்டிய வழி நெடுக ஆறும் காடும். அவர்கள் இறங்கிப் போனதும் மாயாதுன்னை தன் நகரத்துக்குத் திரும்பி வந்தார். நகரத்தை இழப்பது தோல்வி அல்ல, துறைகளை இழப்பதுதான் தோல்வி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் எப்போதும் ஒரே பக்கம் நின்றவரும் அல்ல. தர்மபாலவின் தந்தை வீதிய பண்டார பரங்கியரை எதிர்த்துக் கிளம்பியபோது, மாயாதுன்னை அவருக்குத் தன் மகளையே மணமுடித்துக் கொடுத்தார். உறவு முறிந்ததும் 1555இல் அதே பரங்கியரோடு சேர்ந்து மருமகனைத் துரத்தினார். வீதிய பண்டார யாழ்ப்பாணம் வரை ஓடி அங்கே உயிரிழந்தார். மரைக்காயர்களுக்கு நேர்ந்தது மதத்தினாலோ இனத்தினாலோ நேர்ந்ததல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தந்தை, அண்ணன், மருமகன், நண்பன் என்று யாராக இருந்தாலும், சீதாவாக்கை நிலைக்க வேண்டும் என்ற ஒன்றுக்கு முன் அவர் எவரையும் நிறுத்தவில்லை.

1557இல் தர்மபால கத்தோலிக்க மதத்துக்கு மாறி டொன் ஜுவான் என்று பெயர் சூட்டிக்கொண்டார். கோட்டே மக்களில் பெரும்பாலோரின் மனம் அன்று சீதாவாக்கைப் பக்கம் சாய்ந்தது. அதற்குள் மாயாதுன்னைக்கு வயதாகியிருந்தது. போர்க்களத்துக்கு அவருடைய மகன் திக்கிரி பண்டார வந்தார். 1559இல் களனிப் பள்ளத்தாக்கின் தாழ்நிலமான முல்லேரியாவில், கொழும்புப் பக்கமிருந்து வந்த போர்த்துக்கேயப் படையை அந்த இளைஞர் யானைகளோடும் காலாட்களோடும் எதிர்கொண்டார். சேற்றிலும் நீரிலும் சிக்கிய பரங்கியர் படுதோல்வி அடைந்தார்கள். தந்தை ஆற்றைக் கேடயமாக வைத்திருந்தார். மகன் அதை வாளாக மாற்றினார். பின்னாளில் இராஜசிங்கன் என்று உலகம் அறிந்த அரசர் அவர்தான்.

1565இல் போர்த்துக்கேயர் கோட்டேயையே கைவிட்டு, தர்மபாலவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். மாயாதுன்னை இளமையில் கண்ட கனவு, கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆட்களற்ற நகரமாக அவர் கைக்கு வந்தது. ஆனால் கொழும்புக் கோட்டையைப் பிடிக்க அவருக்கு வேண்டியது ஆறு அல்ல, கடற்படை. அந்தக் கடற்படையின் தலைவர்களை 1539இல் அவரே கொடுத்துவிட்டிருந்தார். அவர் 1581இல் இறந்தார். இராஜசிங்கன் 1587இலும் 1588இலும் கொழும்பைப் பெரும் படையோடு முற்றுகையிட்டும், கடல்வழியே வந்த உதவி கோட்டையைக் காத்துவிட்டது. 1593இல் இராஜசிங்கன் இறந்ததும் சீதாவாக்கை இராச்சியம் ஓராண்டுக்குள் கலைந்துபோனது. களனியின் துறைகள் ஒவ்வொன்றாகப் பரங்கியர் கைக்குப் போயின. இன்று முஸ்லிம்கள் செறிந்து வாழும் மல்வானையில்தான் போர்த்துக்கேயத் தளபதி தன் இருப்பிடத்தை அமைத்தார்.

மலபாரிலும் அதே கதை திரும்ப நடந்தது. நான்காவது குஞ்ஞாலி வலிமை பெற்றதும், அவருடைய அரசரான சாமூதிரியே போர்த்துக்கேயரோடு சேர்ந்தார். 1600இல் கோட்டை விழுந்தது. சாமூதிரியை நம்பிச் சரணடைந்த குஞ்ஞாலி பரங்கியரிடம் கொடுக்கப்பட்டு, கோவாவில் கொல்லப்பட்டார். சீதாவாக்கையில் ஒரு சிங்கள மன்னர், கள்ளிக்கோட்டையில் ஒரு மலையாள மன்னர். இருவரும் மரைக்காயர்களின் உழைப்பால் பயன் பெற்றவர்கள். இருவரும் நெருக்கடி வந்தபோது அவர்களையே விலையாகக் கொடுத்தவர்கள். அந்தக் கடற்போர்களைத் தம் காலத்திலேயே துஹ்ஃபதுல் முஜாஹிதீன் நூலில் பதிவு செய்தவர் ஷெய்கு சைனுத்தீன் மக்தூம். அந்தப் பதிவை நம் மதரசாக்களில் வாசிக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் வீரக் கதைகளுக்காக மட்டுமல்ல, இந்தப் பாடத்துக்காகவும்தான்.

எதிர்ப்பக்கத்தையும் மறக்கக்கூடாது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை மீண்டும் விரட்டியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்று, பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். ஆக, இந்நாட்டு மன்னர்கள் எல்லோரும் நம்மைக் கைவிட்டார்கள் என்பதும் பொய். எல்லோரும் எப்போதும் காத்தார்கள் என்பதும் பொய்.

கடந்த சில ஆண்டுகளில் நம்மீது சந்தேகம் எழுப்பப்படும்போதெல்லாம், நாமும் இந்நாட்டு மன்னர்களுக்காகப் போரிட்டவர்கள் என்று வரலாற்றைச் சான்றிதழாக நீட்டுகிறோம். அந்தச் சான்றிதழ் உண்மையானது. ஆனால் அதை நீட்டித்தான் நம் உரிமையைக் கேட்க வேண்டும் என்ற நிலையை நாமே ஏற்றுக்கொள்ளலாமா? மரைக்காயர்களிடம் அதைவிடப் பெரிய சான்று இருந்தது. அது அவர்களுடைய உயிரைக் காக்கவில்லை. ஓர் ஆளின் நன்றியுணர்வில் தங்கியிருக்கும் பாதுகாப்பு, அந்த ஆளுக்கு நெருக்கடி வரும் நாள் வரைக்கும்தான். சட்டத்திலும் நிறுவனங்களிலும் அண்டை வீட்டாரின் அன்றாட உறவிலும் ஊன்றிய பாதுகாப்பு அதைவிட நீண்டு நிற்கும். தலைவர் ஒருவரின் தனிப்பட்ட வாக்குறுதியை நம்பிச் சமூகத்தின் வாக்குகளை மொத்தமாக அடகு வைக்கும் நம் அரசியல்வாதிகள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெஹியோவிட்ட, தெரணியகல, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப் பிள்ளைகளும், கடைத்தெரு முஸ்லிம் பிள்ளைகளும், கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் ஒரே ஆற்றைத்தான் தினமும் கடக்கிறார்கள். சீதாவாக்கை ஆற்றங்கரையில் இராஜசிங்கன் கட்டி முடிக்காமல் விட்ட பெரெண்டி கோயிலின் கல்லடுக்குகளை இன்றும் பார்க்கலாம். பாடசாலைச் சுற்றுலா அங்கே போகும்போது, மாயாதுன்னையின் துணிவையும் தந்திரத்தையும் ஆசிரியர்கள் சொல்லட்டும். அவருக்காகக் கடல் கடந்து வந்து, வேதாளையில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் வந்து, இந்த மண்ணிலேயே உயிர்விட்ட இரண்டு மரைக்காயர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். அவர்களுக்காக ஒரு துஆ கேட்பது நம் கடமை. அவர்களுடைய முடிவை மறைக்காமல் சொல்வதும் நம் கடமைதான்.